எல்லாரும் அன்பாகத்தான் இருக்கிறார்கள், எனக்குத்தான் மூச்சு முட்டுகிறது

கேள்வி: எனக்கு வயது 39. பல வருடங்கள் தனி வீட்டில் இருந்துகொண்டு, இரவு ஷிஃப்டில் வாடிக்கையாளர் புகார்களைக் கவனிக்கும் வேலை பார்த்தேன். கடைசி இரண்டு வருடம் மூன்று பேர் வேலையை நான் ஒருவனே இழுத்தேன். ஒரு கட்டத்தில் போன் மணி அடித்தாலே கை நடுங்க ஆரம்பித்தது. குளிக்கவோ துணி துவைக்கவோ தெம்பில்லை. வேலையை விட்டுவிட்டு மாதக்கணக்கில் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தேன். அக்கா ஒருநாள் நேரில் வந்து பார்த்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் துணிமணிகளைப் பையில் எடுத்து வைத்து, தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

இங்கே அக்கா, அத்தான், இரண்டு பிள்ளைகள், எங்கள் அம்மா. எல்லாரும் அன்பாகத்தான் இருக்கிறார்கள், எனக்குத்தான் மூச்சு முட்டுகிறது. பாத்ரூம் போவதற்கு முன் கதவருகே நின்று, ஹாலில் யார் இருக்கிறார்கள் என்று காது கொடுத்துக் கேட்கிறேன். யார் நடக்கிறார்கள் என்பது இப்போது காலடிச் சத்தத்திலேயே தெரிகிறது. அக்கா மணிக்கொரு தரம் வந்து “சாப்பிட்டியா?” என்று கதவைத் தட்டுகிறார். எல்லாரும் படுத்த பிறகு அடுப்படிக்குப் போய், பாத்திரம் சத்தம் போடாமல், நின்றபடியே சாப்பிடுகிறேன். யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது என்று, பாட்டே ஓடாத ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அக்காவின் சின்ன மகன் ஓடி வந்து மடியில் ஏறினால் உடம்பு விறைத்துப்போகிறது. அவன் முகம் சுருங்குவதைப் பார்த்தால் எனக்கு அழுகை வருகிறது. நான் நன்றி கெட்டவனா? பேசாமல் திரும்பவும் தனியாகப் போய்விடட்டுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: தம்பி, நன்றி கெட்டவர் இப்படி ஒரு கடிதம் எழுத மாட்டார். அந்தக் கேள்வியை இத்தோடு இறக்கி வைத்துவிடுங்கள்.

உங்களுக்கு நேர்ந்ததை இப்போது பலரும் பர்ன் அவுட் என்கிறார்கள். 1974-ல் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர் இதைப் பற்றி முதன்முதலில் விரிவாக எழுதியபோது, அவர் கண்முன் இருந்தவர்கள் சோம்பேறிகள் இல்லை. இலவச மருத்துவமனைகளில், மனமுவந்து, நேரங்காலம் பார்க்காமல் உழைத்தவர்கள். அதிகமாகப் பொறுப்பெடுத்துக்கொள்கிறவர்கள்தான் இதில் முதலில் விழுகிறார்கள் என்று அவர் எழுதினார். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஏற்றுக்கொண்ட புதிய நோய் வகைப்பாட்டிலும் இதற்கு இடம் இருக்கிறது. அதை ஒரு நோயாக அவர்கள் சேர்க்கவில்லை. சமாளிக்கப்படாமல் நீண்டுகொண்டே போன வேலை அழுத்தத்தால் வரும் நிலை என்கிறார்கள். உடம்பும் மனமும் வற்றிப்போவது, வேலையின் மேல் ஒரு வெறுப்பும் விலகலும் வருவது, நம்மால் எதையும் உருப்படியாகச் செய்ய முடியாது என்று தோன்றுவது, இந்த மூன்றும்தான் அடையாளம். போன் மணிக்கு நடுங்கிய உங்கள் கை இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

சரி, வேலை போய்விட்டது, வீட்டிலும் அன்பானவர்கள், பிறகு ஏன் மூச்சு முட்ட வேண்டும்? 1972-ல் டேவிட் கிளாஸ், ஜெரோம் சிங்கர் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் சத்தத்தைப் பற்றித் தாங்கள் செய்த சோதனைகளைப் புத்தகமாகப் போட்டார்கள். அதில் ஒன்றை நான் குடும்பங்களிடம் அடிக்கடி சொல்வதுண்டு. ஆட்களை ஓர் அறையில் உட்கார வைத்து, எப்போது வரும் என்றே தெரியாதபடி பெரிய இரைச்சலை ஒலிக்கவிட்டார்கள். சிலருக்கு மட்டும் பக்கத்தில் ஒரு பொத்தான். “தாங்க முடியாவிட்டால் அழுத்துங்கள், சத்தம் நின்றுவிடும். ஆனால் அழுத்தாமல் இருந்தால் எங்களுக்கு நல்லது” என்று சொல்லிவைத்தார்கள். அவர்களும் அழுத்தவில்லை. ஆகவே எல்லார் காதிலும் விழுந்தது ஒரே இரைச்சல்தான். ஆனால் அது நின்ற பிறகு கடினமான புதிர்களையும் பிழை திருத்தும் வேலையையும் கொடுத்தபோது, பொத்தான் இருந்தவர்கள் பொறுமையாக நின்று முயன்றார்கள், தவறும் குறைவாக விட்டார்கள். பொத்தான் இல்லாதவர்கள் சீக்கிரமே கைவிட்டார்கள்.

உங்கள் அக்கா வீட்டில் உங்களிடம் பொத்தான் இல்லை. அதுதான் விஷயம். பிள்ளைகளின் சத்தமோ அம்மாவின் கேள்வியோ தனியாக உங்களை வாட்டவில்லை. எந்த நிமிடம் கதவு தட்டப்படும், எந்த நிமிடம் ஒருவர் உள்ளே வருவார் என்று தெரியாமல் நாள் முழுக்கக் காது விழித்துக்கொண்டே இருக்கிறது. நீங்கள் பார்த்த வேலையும் அப்படிப்பட்டதுதான். அடுத்த அழைப்பு எப்போது வரும், எதிர்முனையில் இருப்பவர் எவ்வளவு கோபமாக இருப்பார் என்று தெரியாது, போனை வைக்கும் உரிமையும் உங்களுக்குக் கிடையாது. உங்கள் உடம்புக்கு இரண்டும் ஒன்றாகவே படுகிறது.

ஆகவே முதல் வேலை, ஒரு பொத்தான் செய்துகொள்வது. அக்காவிடம் மட்டும் பேசுங்கள். ஐந்து பேரையும் உட்கார வைத்து விளக்கம் சொல்ல உங்களுக்கு இப்போது தெம்பில்லை, தேவையும் இல்லை. அவர் தனியாக இருக்கும் நேரம் பார்த்து இப்படிச் சொல்லலாம்: “அக்கா, உன்மேல எனக்கு ஒரு குறையும் இல்ல. என் உடம்பு இன்னும் சத்தத்துக்குப் பழகல. தினமும் மத்தியானம் ரெண்டு மணியிலேர்ந்து நாலு மணி வரைக்கும் கதவு சாத்தியிருக்கும். அப்ப மட்டும் யாரும் தட்ட வேண்டாம். நாலு மணிக்கு நானே வெளிய வந்துடுவேன்.”

இதில் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். மூடிய கதவு உங்களுக்கு ஓய்வு. உங்கள் அக்காவுக்கு அது பயம். மாதக்கணக்கில் திறக்காத ஒரு கதவுக்கு வெளியே நின்றவர் அவர். உள்ளே என்ன பார்க்கப் போகிறோமோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ள நின்றிருப்பார். இப்போது மணிக்கொரு தரம் “சாப்பிட்டியா?” என்று தட்டுகிறாரே, அவர் கேட்பது சாப்பாட்டைப் பற்றி மட்டுமில்லை. நீங்கள் நலமாக இருக்கிறீர்களா என்பதை அவருக்குத் தெரிந்த வார்த்தையில் கேட்கிறார். திறக்கும் நேரத்தைச் சொல்லிவிட்டு, அந்த நேரத்துக்குத் தவறாமல் வெளியே வந்து நின்றீர்களானால், தட்டுவது தானாகக் குறையும். நாலு மணிக்கு வந்து ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினாலும் போதும். சொன்ன நேரத்துக்கு முகத்தைக் காட்டுவது முக்கியம்.

பாத்ரூமுக்கும் இதேதான். காலையில் வீடு பரபரப்பாக இருக்கும். அதற்கு முன்னாலோ பின்னாலோ இந்த அரைமணி என்னுடையது என்று ஒன்றைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். கதவருகே நின்று காலடிச் சத்தம் எண்ணும் வேலை ஒழியும். இது சின்ன விஷயமாகத் தெரியலாம். ஒரு நாளைக்கு எத்தனை தடவை அப்படி நிற்கிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்து நான் சொல்லப்போவது உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். அந்த வீட்டில் உங்களுக்கென்று ஒரு வேலை வேண்டும். சபீன் சோனன்டாக், சார்லட் ஃப்ரிட்ஸ் என்ற இருவர் 2007-ல், வேலை அழுத்தத்திலிருந்து மனிதர் எப்படி மீள்கிறார் என்பதை அளக்க ஒரு கேள்வித்தாள் வெளியிட்டார்கள். வேலை நினைப்பிலிருந்து விலகுவது, தளர்ந்து ஓய்வெடுப்பது ஆகியவற்றோடு, நேரத்தைத் தன் விருப்பப்படி நடத்துவதையும் ஏதாவதொன்றைக் கையில் எடுத்துக் கற்றுத் தேர்வதையும் அதில் சேர்த்திருந்தார்கள். படுத்தே கிடப்பது அதில் கால்வாசிதான். உங்களைப் போன்றவர்களுக்கு நான் முதலில் சொல்வது துணி மடிப்பது. காய்ந்த துணிகளை எடுத்து வந்து ஹாலில் ஓர் ஓரமாக உட்கார்ந்து, ஆள்வாரியாகப் பிரித்து மடித்து வையுங்கள். அவசரம் கிடையாது, பேச வேண்டிய கட்டாயம் கிடையாது, முடிந்தது என்பது கண்ணுக்குத் தெரியும். கை எதிலாவது இருக்கும்போது பக்கத்தில் ஆட்கள் நடமாடுவது அவ்வளவாக உறுத்தாது. யாராவது ஒன்று கேட்டால் துணியைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்லலாம். யாரும் உங்கள் கண்ணைத் தேட மாட்டார்கள். அப்புறம், அத்தானின் சட்டையை நீங்கள் மடித்து வைத்த அன்றைக்கு, “இவங்களுக்கு நான் பாரம்” என்று மனசுக்குள் ஓடுகிற பேச்சுக்கு ஒரு பதிலாவது உங்களிடம் இருக்கும். யாரும் பாராட்ட வேண்டாம் என்றும் அக்காவிடம் சொல்லிவிடுங்கள். நோயாளி ஒரு வேலை செய்துவிட்டார் என்று வீடே கைதட்டுவது மனிதரைக் கூசச் செய்யும், எனக்கு அதில் உடன்பாடில்லை.

சாப்பாட்டுக்கு எல்லாரோடும் உட்கார இப்போதே முயல வேண்டாம். முதலில் ஒரே ஒரு ஆள். அம்மாவோ அத்தானோ, யார் குறைவாகப் பேசுவாரோ அவர். அது பழகிய பிறகு எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது கடைசிப் பத்து நிமிடம் வந்து சேருங்கள். வாசலுக்குப் பக்கத்தில் உட்காருங்கள், எழுந்து போகக் காரணம் சொல்லாதீர்கள். இரவில் அடுப்படியில் நின்றபடி சாப்பிடுவதை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். தனியாகச் சாப்பிட்டாலும் விளக்கைப் போட்டு, உட்கார்ந்து, தட்டு சத்தம் போட்டே சாப்பிடுங்கள். நீங்கள் திருடப் போகவில்லை, அது உங்கள் அக்கா வீடு.

சின்னவனிடம், “மாமாவுக்கு உடம்பு அலுப்பா இருக்குடா. மடியில உக்காராத, பக்கத்துல உக்காரு” என்று நேராகச் சொல்லுங்கள். காரணம் தெரியாத விலகல்தான் குழந்தைகளை நோகடிக்கும். காரணம் சொன்னால் புரிந்துகொள்வார்கள். அவன் படம் வரைந்தால் நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தாளில் கிறுக்குங்கள். முகத்துக்கு முகம் பார்ப்பதை விடத் தோளுக்குத் தோள் இருப்பது உங்களுக்கு இப்போது சுலபம்.

இனி டாக்டர் விஷயம். பர்ன் அவுட் வேலையைச் சுற்றி வருவது. வேலையை விட்டு இவ்வளவு நாள் ஆன பிறகும், முன்பு பிடித்த எதிலும் மனம் ஒட்டவில்லை, நாளின் பெரும்பகுதி துக்கமாகவே போகிறது, உறக்கமும் பசியும் தாறுமாறு என்று வாரக்கணக்கில் நீடித்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்கு மருந்தும் பேச்சுச் சிகிச்சையும் இருக்கின்றன, பலன் தருகின்றன. தைராய்டு குறைவு, ரத்தசோகை, வைட்டமின் பி12 பற்றாக்குறை, உறக்கத்தில் மூச்சுத் தடைபடுவது ஆகியவையும் இதே மாதிரி ஆளைச் சாய்க்கும். ஆகவே ஒரு ரத்தப் பரிசோதனையும் மனநல மருத்துவரிடம் ஒரு சந்திப்பும் அவசியம். செத்துப்போனால் என்ன என்ற எண்ணம் ஒரு தடவை எட்டிப் பார்த்திருந்தாலும், இந்தப் பத்திரிகையை மூடி வைத்துவிட்டு அக்காவிடம் அதைச் சொல்லுங்கள். அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.

தனியாகப் போய்விடட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போது வேண்டாம். நீங்கள் தனிமையை விரும்பும் சுபாவம் என்றால் அதில் ஒரு தப்பும் இல்லை, பின்னால் தெம்போடு தனி வீட்டுக்குப் போகலாம். ஆனால் ஆளைத் தேற்றுகிற தனிமையும் ஆளை முடக்குகிற தனிமையும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். அந்த இரண்டு மணி நேரக் கதவடைப்பையே உரைகல்லாக வைத்துக்கொள்ளுங்கள். நாலு மணிக்கு எழும்போது கொஞ்சம் லேசாக இருந்தால் அது ஓய்வு. ஒவ்வொரு நாளும் கதவைத் திறப்பது முந்திய நாளைவிடக் கடினமாகிறது என்றால், மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: என் கொழுந்தனார் வேலையில் நொந்துபோய் எங்களோடு வந்து தங்கியிருக்கிறார். அறையை விட்டு வருவதில்லை. சாப்பிட்ட தட்டு அறையிலேயே காய்ந்து கிடக்கிறது. ஏதாவது சொன்னால் “அவனை நோகடிக்காதே” என்கிறார் என் கணவர். வீட்டில் எல்லா வேலையும் என் தலையில். நான் ஒன்றுமே சொல்லக் கூடாதா?
– ஒரு வாசகி

பதில்: சொல்லலாம் அம்மா, சொல்லவும் வேண்டும்.

1950-களில் லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற ஆய்வாளர், மனநல மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவர்களைப் பின்தொடர்ந்து பார்த்தார். பெற்றோரிடமோ துணைவரிடமோ திரும்பிப் போன சிலரைவிட, வாடகை அறையில் தங்கியவர்கள் நன்றாக இருந்தார்கள். அது பலருக்கு அதிர்ச்சியாக இருந்தது. பிறகு அவரும் அவருக்குப் பின் வந்தவர்களும் தோண்டிப் பார்த்தபோது, ஓயாத குறை சொல்லல், வெறுப்பு, இவற்றோடு அளவுமீறிய அரவணைப்பும் நோய் திரும்புவதோடு சேர்ந்து வந்ததைக் கண்டார்கள். அவர்கள் பார்த்தது தீவிர மனநோய் உள்ளவர்களை. உங்கள் கொழுந்தனாருக்கு அதை அப்படியே பொருத்த மாட்டேன். ஆனால் உங்கள் வீட்டுக்கு அதில் ஒரு சேதி இருக்கிறது. கடிந்து கொட்டுவதும் வேண்டாம், உங்கள் கணவர் செய்வதுபோல ஊதி ஊதிப் பொத்தி வைப்பதும் வேண்டாம்.

“சாப்பிட்ட தட்டைக் கழுவி வெச்சிடுங்க” என்பது ஒரு வேலையைப் பற்றிய பேச்சு. யார் மனதும் அதில் உடையாது. “நீங்க எப்பவுமே இப்படித்தான்” என்பது ஆளைப் பற்றிய பேச்சு. முதலாவதைத் தயங்காமல் சொல்லுங்கள், இரண்டாவதை விழுங்கிவிடுங்கள். அதுவும் முதல் தடவை உங்கள் கணவர் சொல்லட்டும். அவருடைய தம்பி அவர். “நோகடிக்காதே” என்று உங்களிடம் சொல்கிறவர், தம்பிக்காகக் கூடிய வேலையில் பாதியைத் தன் கையால் எடுத்துச் செய்ய வேண்டும். இதை அவரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டியே கேளுங்கள். வாரத்தில் ஒரு பொழுதாவது நீங்கள் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். களைத்துப்போகிற உரிமை அந்த வீட்டில் ஒருவருக்கு மட்டும் எழுதி வைக்கப்படவில்லை.

கேள்வி: எனக்கு 12 வயது. சித்தப்பா எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார். முன்பெல்லாம் என்னோடு விளையாடுவார். இப்போது பேசுவதே இல்லை. என்னைப் பிடிக்கவில்லையா?

பதில்: கண்ணு, சித்தப்பாவுக்கு உன்னைப் பிடிக்கும். அவர் மனசு ரொம்பக் களைத்துப் போயிருக்கிறது. நீ செய்த எதனாலும் இது வரவில்லை. அவரைச் சரியாக்குவது உன் வேலையும் இல்லை, அதைப் பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அறைக்குள் போகும் முன் கதவைத் தட்டு. “வரலாமா?” என்று கேள். “இப்ப வேண்டாம்” என்றால் சரி என்று திரும்பி வந்துவிடு, நாளைக்கு மறுபடி கேள். உனக்கு வருத்தமாக இருந்தால் அம்மாவிடம் சொல். மனசுக்குள் வைத்துக்கொள்ளாதே.

கேள்வி: மகன் வேலையை விட்டு எங்களிடம் வந்து ஐந்து மாதம் ஆகிறது. இப்போது முகம் தெளிந்திருக்கிறது, வீட்டாரோடு பேசுகிறான். ஆனால் விடிய விடிய விழித்துவிட்டு மத்தியானம்தான் எழுகிறான். எப்போது வேலைக்குப் போவாய் என்று கேட்கலாமா?
– ஒரு தந்தை

பதில்: ஐயா, உறக்கத்திலிருந்து தொடங்குங்கள். இரவில் இணையத்தை அணைத்துப் பூட்டினால் சண்டைதான் வரும். படுக்கும் நேரத்தை நம்மால் பிடிக்க முடியாது, எழும் நேரத்தைப் பிடிக்கலாம். மகனோடு பேசி, இப்போது எழுவதைவிட அரைமணி முன்னால் எழ ஒப்புக்கொள்ளச் செய்யுங்கள். அது பழகியதும் இன்னும் அரைமணி. எழுந்ததும் வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் இருக்கட்டும். கண்ணில் படும் காலை வெளிச்சம்தான் உடம்பின் கடிகாரத்தை முன்னுக்குத் தள்ளும். நீங்கள் காலையில் நடப்பவராக இருந்தால் கூட அழைத்துப் போங்கள்.

வேலையைப் பற்றியும் கேட்கலாம். ஆனால் எப்போது என்று கேட்பதைவிட, அங்கே எது அவரை உடைத்தது என்று கேளுங்கள். பர்ன் அவுட்டை வாழ்நாள் முழுக்க ஆராய்ந்த கிறிஸ்டினா மாஸ்லாக், மைக்கேல் லைட்டர் இருவரும் ஆறு இடங்களைப் பார்க்கச் சொல்கிறார்கள்: வேலைப் பளு, தன் வேலையில் தனக்கிருக்கும் அதிகாரம், கிடைக்கும் ஊதியமும் மதிப்பும், கூட வேலை செய்பவர்கள், நியாயம், தன் மனசாட்சிக்கும் வேலைக்கும் உள்ள பொருத்தம். இவற்றில் எது பழுதானது என்று தெரியாமல் அதே மாதிரி வேலைக்கு, அதே மாதிரி நேரத்துக்குத் திரும்பினால், ஐந்து மாத ஓய்வு சில வாரங்களில் கரைந்துவிடும். முடிந்தால் பகுதி நேர வேலையாகத் தொடங்கட்டும். அதற்கு வீட்டில் பண வசதி எவ்வளவு நாளைக்குத் தாங்கும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். கணக்குத் தெரிந்தால் அவராகவே ஒரு தேதியை யோசிப்பார்.

இந்தப் பேச்சைச் சாப்பாட்டு நேரத்தில், எல்லார் முன்னாலும் எடுக்காதீர்கள். நீங்கள் இருவரும் நடக்கப் போகிற அன்றைக்குக் கேளுங்கள். பதில் அன்றே வராவிட்டால் ஒரு வாரம் கழித்து மறுபடி கேளுங்கள்.